ஜவ்வு விலகி நரம்பை அழுத்துகிறது: காத்திருப்பதா, ஊசியா, ஆபரேஷனா?

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ‘எல்4–எல்5 ஜவ்வுப் பிதுக்கம், நரம்பு வேரில் அழுத்தம்’ என்று ஒரு வரி வந்துவிட்டால் போதும், அன்றைக்கு ராத்திரியே வீட்டில் மூன்று கட்சி உருவாகிவிடும். “முதுகில் மட்டும் கத்தி வைக்க விடாதே” என்பார் ஒருவர். “ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடுமாம்” என்பார் இன்னொருவர். “எதற்கு இப்படிக் கிடந்து அவதிப்படுகிறாய், ஆபரேஷன் பண்ணிவிட்டு வேலையைப் பார்” என்பார் மூன்றாமவர். மூன்று பேச்சிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் வலி ஆரம்பித்து எத்தனை வாரம் ஆயிற்று, காலில் பலம் குறைந்திருக்கிறதா என்ற இரண்டையும் கேட்காமல் யார் சொல்வதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்றாவது வாரத்தில் சரியாக இருக்கும் முடிவு, எட்டாவது மாதத்தில் தப்பாகிவிடலாம்.

இங்கே பேசப்போவது இடுப்புப் பகுதியில் ஜவ்வு விலகி, புட்டத்தில் தொடங்கிக் காலுக்கு இறங்கும் வலியை. டாக்டர்கள் சயாட்டிக்கா என்பார்கள். வெறும் இடுப்பு வலி மட்டும் உள்ளவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. ஆபரேஷனைப் பற்றிச் சொல்வது அநேகமாகப் பொருந்தவே பொருந்தாது.

அழுத்தம் எப்படி நீங்காத வலியாகிறது

இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வுக்கு வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே கூழ் போன்ற மையம். வளையம் பின்பக்கம் கிழிந்தால் மையப்பகுதி வெளியே பிதுங்கும். அந்த இடத்தில்தான் நரம்பு வேர், அதாவது தண்டுவடத்திலிருந்து கிளம்பும் நரம்பின் தொடக்கப் பகுதி, கீழே இறங்கிப் போகிறது. இடுப்பில் வரும் ஜவ்வு விலகலில் சுமார் 95 சதவீதம் கடைசி இரண்டு ஜவ்வுகளில்தான் வருகிறது: இடுப்பின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே (எல்4–எல்5), ஐந்தாவதுக்கும் அதன் கீழுள்ள எலும்புக்கும் நடுவே (எல்5–எஸ்1). முன்னது பெரும்பாலும் எல்5 வேரைத் தொடும்; வலி கெண்டைக்காலின் வெளிப்புறம் வழியாகப் புறங்காலுக்கும் பெருவிரலுக்கும் போகும். பின்னது எஸ்1 வேரைத் தொடும். வலி பின்தொடை, கெண்டைச்சதை, குதிகால், பாதத்தின் வெளி ஓரம் என்று இறங்கும்.

பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள் 1934இல் இந்த ஜவ்வு விலகலுக்கும் கால் வலிக்கும் உள்ள தொடர்பை விளக்கி எழுதினார்கள். அதற்கப்புறம் பல ஆண்டுகளுக்கு எல்லோர் மனதிலும் இருந்த கணக்கு நேரானது: அழுத்துகிறது, அதனால் வலிக்கிறது, எடுத்துவிட்டால் வலி போய்விடும். ஆனால் நல்ல நரம்பை அழுத்தினால் முதலில் வருவது வலி இல்லை, மரத்துப்போவதுதான். சப்பணமிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். 1958இல் ஸ்மித், ரைட் என்ற இருவர் ஆபரேஷனின்போதே நரம்பு வேர்களில் மெல்லிய நூலைச் சுற்றி, நுனியை வெளியே விட்டு வைத்தார்கள். சில நாள் கழித்து அந்த நூலை லேசாக இழுத்துப் பார்த்தபோது, ஜவ்வு தொட்டுக்கொண்டிருந்த வேரில்தான் பழைய கால் வலி அப்படியே திரும்ப வந்தது. மற்ற வேர்கள் அவ்வளவு எளிதில் அப்படி வலிக்கவில்லை. அழுத்தத்தோடு அழற்சியும் சேர்ந்தால்தான் அந்தக் ‘கரண்ட் அடிக்கிற’ வலி.

அந்த அழற்சி எங்கிருந்து வருகிறது என்பதற்கு 1993இல் ஸ்வீடனின் கோதன்பர்க்கில் ஓல்மார்க்கரும் ரீடெவிக்கும் செய்த சோதனை முக்கியமானது. பன்றிகளின் நரம்பு வேர்மேல் ஜவ்வின் மையக்கூழை அழுத்தமே இல்லாமல் வைத்தார்கள். அதுவே போதுமாக இருந்தது. நரம்பில் தகவல் ஓடும் வேகம் குறைந்தது. மையக்கூழிலிருந்து வெளிப்படும், அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். போன்ற வேதிப்பொருட்கள் வேரைச் சிவக்கவைத்து வீங்கவைக்கின்றன. வீங்கிய வேரைச் சுற்றி ரத்த ஓட்டம் தேங்குகிறது. கை கால்களில் ஓடும் நரம்புக்கு இருக்கும் தடித்த உறை வேருக்கு இல்லாததால் அது சீக்கிரம் பாதிக்கப்படுகிறது.

இந்த நிலை நீடித்தால் கதை நரம்பு வேரோடு நிற்பதில்லை. வேரை ஒட்டியிருக்கும் முடிச்சிலுள்ள நரம்பு செல்கள் யாரும் தூண்டாமலே சமிக்ஞை அனுப்பத் தொடங்குகின்றன. அது ஓயாமல் வந்து விழும்போது தண்டுவடத்தில் அதை வாங்கிக்கொள்ளும் செல்களும் கூர்மையாகிவிடுகின்றன. 1983இல் கிளிஃபர்ட் வூல்ஃப் இதை முதலில் எடுத்துக் காட்டினார். அப்புறம் சாதாரணத் தொடுதல்கூட வலியாகப் பதிவாகும். போர்வை காலில் பட்டாலே எரிகிறது என்று சொல்வது இதைத்தான். மூன்று மாதம் தாண்டிய வலியை நாள்பட்ட வலி என்று மருத்துவம் தனியாகப் பிரிப்பதற்கு இப்படி ஒரு காரணம் இருக்கிறது. ஜவ்வு சுருங்கிப் போன பிறகும் வலி மட்டும் தங்கிவிடலாம்.

ஆக, உடம்புக்குள் ஒரே நேரத்தில் இரண்டு வேலை நடக்கிறது. வெளியே வந்த ஜவ்வைக் கரைக்கும் வேலை நமக்குச் சாதகமானது. நரம்பு மண்டலம் வலிக்குக் கூர்மையாகிப்போவது நமக்குப் பாதகமானது. முதல் வேலைக்கு அவகாசம் கொடுக்க வேண்டும், இரண்டாவது வேரூன்ற விடக் கூடாது. வழிகளை ஒப்பிடுவதெல்லாம் இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

ஒப்பிடவே நேரமில்லாத நிலை

சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் கசிவது, மலம் கட்டுப்படாமல் போவது, தொடைகளின் உள்பக்கமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, இரண்டு காலிலும் ஒரே சமயத்தில் பலம் குறைவது. இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். தண்டுவடத்துக்குக் கீழே கற்றையாக இறங்கும் நரம்புகள் மொத்தமாக நசுங்குவதன் அடையாளம் இது. 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் நடந்தவர்களுக்குத் தேறும் வாய்ப்பு அதிகம். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை.

இன்னொன்று, பாதம் தொங்குவது. இது சத்தமில்லாமல் வரும். நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்ததே தெரியாது. மாடிப்படியில் விரல் நுனி தட்டும். கைலியோ புடவையோ கட்டியிருந்தால் கால் அதில் சிக்கும். வீட்டிலேயே பார்க்கலாம்: சுவரோரமாக நின்றுகொண்டு குதிகாலில் மட்டும் பத்தடி நடந்து பாருங்கள். பிறகு ஒற்றைக் காலில் நின்று குதிகாலைப் பத்துத் தடவை உயர்த்துங்கள். ஒரு பக்கம் முடிந்து இன்னொரு பக்கம் முடியவில்லை என்றால், வலி எவ்வளவு குறைவாக இருந்தாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். வலி திடீரென்று குறைந்து பலமும் குறைந்திருந்தால் அது நல்ல செய்தி இல்லை.

காத்திருப்பது

இந்த இரண்டும் இல்லாதவர்களுக்கு முதல் ஆறு வாரம் காத்திருப்பதுதான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விலகிய ஜவ்வு தானாகச் சுருங்கும் என்பது ஆறுதலுக்குச் சொல்வது இல்லை. அடுத்தடுத்து எடுத்த ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், முழுவதும் துண்டாகி வெளியே விழுந்த ஜவ்வு 96 சதவீதம் பேருக்குச் சுருங்கியிருந்தது. வளையத்தைக் கிழித்து வெளியே வந்தது 70 சதவீதம் பேருக்கு. லேசாகப் புடைத்தது 13 சதவீதம் பேருக்கு மட்டுமே சுருங்கியது. ஸ்கேனில் பார்க்கப் பயங்கரமாக இருப்பதுதான் வேகமாகக் கரைகிறது. உடம்பு அதை அந்நியப் பொருளாகப் பார்த்து, ரத்த நாளங்களையும் தின்னும் செல்களையும் அனுப்புகிறது. படம் பெரிதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆபரேஷனுக்கு ஓட வேண்டாம் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது.

படத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எந்த வலியும் இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று உண்டு. அதன்படி 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் ஜவ்வு புடைத்திருந்தது. உங்கள் வலி போகும் பாதையும் ஸ்கேன் காட்டும் நரம்பு வேரும் ஒத்துப்போனால்தான் அந்த ரிப்போர்ட்டுக்கு அர்த்தம்.

காத்திருப்பது என்றால் படுத்துக் கிடப்பது இல்லை. நெதர்லாந்தில் 183 பேரிடம் நடந்த 1999ஆம் ஆண்டு ஆய்வில், இரண்டு வாரம் படுக்கையில் இருந்தவர்களுக்கு மற்றவர்களைவிட எந்தப் பலனும் கிடைக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளில் பல தடவை நடக்க வேண்டும். நீண்ட நேரம் உட்காருவதையும், குறிப்பாகக் குண்டும் குழியுமான ரோட்டில் டூவீலரையும் கொஞ்ச நாள் விடலாம். பெல்ட்டைப் பயணத்துக்கு மட்டும் கட்டிக்கொள்ளலாம். இழுவைச் சிகிச்சை நம் ஊர் பிசியோதெரபி மையங்களில் பரவலாக இருக்கிறது. ஆய்வுகளில் அதற்குச் சொல்லும்படியான பலன் தெரியவில்லை. அந்தப் பணத்தையும் நேரத்தையும் உடற்பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்ட்டிடம் செலவிடுவது மேல்.

பயிற்சி செய்பவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. நியூசிலாந்தின் ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்ட் 1950களில் கவனித்தது இது: சரியான பயிற்சியில் வலி பாதத்திலிருந்து கெண்டைக்காலுக்கு, அங்கிருந்து தொடைக்கு, பிறகு இடுப்புக்கு என்று மேலே ஏறும். அப்போது இடுப்பில் வலி கூடலாம். ‘பயிற்சி செய்து இடுப்பு வலி அதிகமாகிவிட்டது’ என்று நிறையப் பேர் அந்த நேரத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது தேறுவதன் அடையாளம். பயிற்சிக்குப் பிறகு வலி இன்னும் கீழே, பாதம்வரை இறங்கினால்தான் நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும்.

எண்ணெய் தேய்த்துக்கொள்வது இறுகிய தசைக்கு இதமாக இருக்கும், தடையில்லை. ஆனால் முதுகை மிதித்து விடுவது, வெடுக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பது போன்றவற்றைக் கால் மரத்தோ பலம் குறைந்தோ இருக்கும்போது அனுமதிக்கவே கூடாது.

மாத்திரையைத் தனி வழியாக வைத்து ஒப்பிட முடியாது, அது காத்திருப்பதற்குத் துணை மட்டுமே. அதிகமாக எழுதித் தரப்படும் நரம்பு வலி மருந்தான பிரிகாபாலினை மட்டும் சொல்ல வேண்டும். 2017இல் சிட்னி ஆய்வாளர்கள் 209 சயாட்டிக்கா நோயாளிகளிடம் சோதித்தபோது, வெற்று மாத்திரையைவிட அது கால் வலியைக் குறைக்கவில்லை, தலைசுற்றல்தான் கூடியது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ், சயாட்டிக்காவுக்கு இதைத் தர வேண்டாம் என்றே சொல்கிறது. மாதக்கணக்கில் இதைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் திடீரென்று நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஊசி

குப்புறப் படுக்கவைத்து, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி, நரம்பு வேர் வெளியே வரும் துளைக்கு அருகில் ஊசியைக் கொண்டுபோய், முதலில் சாய மருந்து விட்டு இடத்தை உறுதி செய்துவிட்டு, ஸ்டீராய்டும் மரக்கவைக்கும் மருந்தும் செலுத்துவார்கள். அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். இது ஜவ்வை உள்ளே தள்ளுவதில்லை, கரைப்பதுமில்லை. அழற்சியை அடக்கி, உடம்பு தன் வேலையை முடிக்கும்வரை நாள் வாங்கித் தருகிறது.

சராசரியாகப் பார்த்தால் பலன் சிறியது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2020ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில், 100க்கு அளந்த கால் வலியில் சுமார் 5 புள்ளிதான் குறுகிய காலத்துக்குக் குறைந்தது. ஆனால் அந்தச் சராசரிக்குள் நன்றாகக் குறைந்தவர்களும் இருக்கிறார்கள், ஒன்றுமே நடக்காதவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டனில் 163 பேரிடம் ஊசியையும் ஆபரேஷனையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2021இல் வெளியான ஆய்வில், 18 வாரம் கழித்து அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் இரண்டு தரப்புக்கும் தெளிவான வித்தியாசம் இல்லை. எனவே ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் இருப்பவர், தூங்க முடியாத அளவு வலி உள்ளவர், ஆபரேஷனுக்கு மனம் ஒப்பாதவர் ஆகியோர் ஒரு தடவை முயன்று பார்க்கலாம் என்பது என் எண்ணம். முதல் ஊசி எதுவும் செய்யவில்லை என்றால் அதே ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு மாதங்களைக் கடத்துவது சரியில்லை.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சர்க்கரை ஏறும். முன்பே சொல்லி, மருந்தளவைப் பேசிக்கொள்ள வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் அப்படித்தான். மிக அரிதாகப் பக்கவாதம், பார்வை இழப்பு போன்றவை நடந்திருப்பதால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இல் எச்சரிக்கை விடுத்தது. எக்ஸ்ரே திரை இல்லாத இடத்தில் முதுகில் இந்த ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஆபரேஷன்

முதுகில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீறல். மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்துக்கொண்டு தசையை ஒதுக்கி, மஞ்சள் நிறத் தசைநாரில் சின்னதாகத் திறந்து, நரம்பு வேரை மெதுவாக ஒரு பக்கம் நகர்த்தி, அதன் கீழே சிக்கியிருக்கும் ஜவ்வுத் துண்டை இடுக்கியால் எடுப்பார்கள். அது பார்க்க வெந்த நண்டுச் சதை போல வெள்ளையாக, நார் நாராக இருக்கும். முழு ஜவ்வையும் எடுப்பதில்லை, வெளியே வந்த துண்டை மட்டுமே. சுமார் ஒரு மணி நேர வேலை. அன்று மாலையோ மறுநாளோ நடக்கவைத்துவிடுவார்கள். எண்டோஸ்கோப் வழியாக இன்னும் சின்னத் துளையில் செய்வதும் உண்டு. நெதர்லாந்தில் 613 பேரிடம் ஒப்பிட்டு 2022இல் வெளியான ஆய்வில் அது வழக்கமான முறைக்குக் குறைந்ததாக இல்லை. எந்தக் கருவி என்பதைவிட அந்த முறையில் கை பழகியவரா என்று கேட்பதுதான் முக்கியம்.

ஆபரேஷன் உண்மையில் எதைத் தருகிறது? இதற்கு இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

முதலாவது நெதர்லாந்தில் நடந்து 2007இல் வெளியானது. 6 முதல் 12 வாரம் கடும் வலி இருந்த 283 பேரில் பாதிப்பேருக்குச் சீக்கிரமே ஆபரேஷன். மீதிப்பேரைக் காத்திருக்கச் சொல்லித் தேவைப்பட்டால் மட்டும் ஆபரேஷன். முதல் தரப்பில் பாதிப்பேர் தேற 4 வாரம் ஆயிற்று, இரண்டாவது தரப்பில் 12 வாரம். ஓராண்டு முடிவில் இரண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். ஆனால் காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் வலி பொறுக்காமல் நடுவிலேயே ஆபரேஷன் செய்துகொண்டார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் ஆபரேஷன் வாங்கித் தருவது சீக்கிரத்தை.

இரண்டாவது கனடாவின் லண்டன் நகரில் நடந்து 2020இல் வந்தது. இதில் இருந்த 128 பேரும் 4 முதல் 12 மாதம் வலியோடு இருந்தவர்கள். ஆறு மாதம் கழித்து 10க்கு அளந்ததில், ஆபரேஷன் தரப்பின் கால் வலி 2.8, பிசியோதெரபியும் மருந்தும் எடுத்த தரப்பின் வலி 5.2. முதல் ஆய்வில் பொறுமை கைகொடுத்தது, இங்கே கொடுக்கவில்லை. நான்கு மாதம் தாண்டியும் கால் வலி குறையாதவரிடம் ‘இன்னும் கொஞ்ச நாள் பொறு, தானாகச் சரியாகும்’ என்று சொல்வதை நான் ஏற்றுக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான். அமெரிக்காவின் 13 மையங்களில் நடந்த பெரிய ஆய்விலும், ஆறு மாதத்துக்கு மேல் அறிகுறி இருந்தவர்களுக்கு ஆபரேஷன் செய்தாலும் செய்யாவிட்டாலும் பலன் குறைவாகவே வந்தது.

பாதகங்களையும் சொல்லியாக வேண்டும். அதே இடத்தில் மறுபடி ஜவ்வு பிதுங்குவது 100க்கு 5 முதல் 15 பேருக்கு நடக்கிறது. நரம்புறை கிழிந்து நீர் கசிவது, கிருமித் தொற்று ஆகியவை குறைவு, ஆனால் உண்டு. கால் வலி சீக்கிரம் போகும்; மரப்பு மாதக்கணக்கில் இழுக்கும், சிலருக்குக் கொஞ்சம் தங்கியும்விடும். இடுப்பு வலிக்கு இந்த ஆபரேஷன் உத்தரவாதம் இல்லை. ‘முதுகில் கத்தி வைத்தால் நடக்கவே முடியாது’ என்ற பயத்துக்கு மட்டும் இன்றைக்கு அடிப்படை இல்லை. அந்தப் பயத்தில் பாதம் தொங்கும்வரை வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது.

முதல் தடவை வந்த சாதாரண ஜவ்வு விலகலுக்கு ஸ்குரூ, ராடு வைத்து எலும்புகளை இணைக்க வேண்டும் என்று சொன்னால், எலும்பு நகர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் இன்னொரு டாக்டரிடம் காட்டாமல் சம்மதிக்க வேண்டாம்.

யாருக்கு எது

மூன்றாவது வாரத்தில் இருக்கும் பள்ளி ஆசிரியர், கால் பலம் நன்றாக இருக்கிறது, லீவு இருக்கிறது: நடை, பயிற்சி, பொறுமை. எட்டாவது வாரத்தில் இருக்கும் ஆட்டோ ஓட்டுநர், அரை மணி நேரம் உட்கார முடியவில்லை, வண்டிக்கு மாதத் தவணை ஓடுகிறது: நெதர்லாந்து ஆய்வில் பார்த்த 4 வாரத்துக்கும் 12 வாரத்துக்கும் உள்ள அந்த எட்டு வார வித்தியாசம் அவருக்கு ஒரு குடும்பத்தின் இரண்டு மாதச் சோறு. மருத்துவக் கணக்கில் ஓராண்டு முடிவு ஒன்றுதான் என்று அவரிடம் சொல்வது நியாயமில்லை. ஊசியோ ஆபரேஷனோ அவர் சீக்கிரம் தேர்ந்தெடுத்தால் அது சரியான முடிவே. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த ஆபரேஷன் நடக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் முன்பே விசாரித்துக்கொள்ளலாம். ஐந்தாவது மாதத்திலும் கால் வலி குறையாமல், ஸ்கேனும் அறிகுறியும் ஒத்துப்போகிறவர் யாராக இருந்தாலும் ஒரு முதுகுத்தண்டு அறுவை நிபுணரைப் பார்த்துவிட வேண்டும்.

ஓராண்டுக்கு மேல் ஆனவர்கள், ஆபரேஷனுக்குப் பிறகும் வலி நீங்காதவர்கள் ஆகியோருக்கு ஒப்பீடே வேறு. முதலில் புது ஸ்கேனில் அழுத்தம் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்து, பாதையும் ஒத்துப்போனால் மறுபடி ஆபரேஷனைப் பற்றி யோசிக்கலாம். அழுத்தமே இல்லை, ஆனாலும் எரிகிறது, குத்துகிறது என்றால் வெட்டி எடுக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. வலி இப்போது நரம்பு மண்டலத்தில் இருக்கிறது. அவர்கள் போக வேண்டிய இடம் வலி மருத்துவப் பிரிவு. தூக்கத்தைச் சரிசெய்வது, நடையைப் படிப்படியாகக் கூட்டுவது, பயத்தைக் குறைக்கும் மனநல ஆலோசனை, நரம்பு வலிக்கான மருந்து, எதுவும் கேட்காதபோது தண்டுவடத்துக்கு மெல்லிய மின்தூண்டல் தரும் கருவி என்று அங்கே வழிகள் இருக்கின்றன. மனநல ஆலோசனை என்றதும் ‘அப்படியென்றால் என் வலி பொய்யா’ என்று சிலர் கோபப்படுகிறார்கள். பொய் இல்லை. தண்டுவடத்தில் கூர்மையாகிப்போன செல்களுக்கு மேலிருந்து மூளையும் கட்டளை அனுப்புகிறது. தூக்கமும் பயமும் அந்தக் கட்டளையை மாற்றுகின்றன. கருவி வைப்பதாக இருந்தால், முதலில் கம்பியை மட்டும் வைத்து ஒரு வாரம்போலச் சோதித்துப் பார்ப்பார்கள். வலி பாதியாவது குறைந்தால்தான் கருவியை உள்ளே பொருத்துவார்கள். அந்தச் சோதனை நாட்களில் படுத்திருக்காமல் வழக்கமான வேலைகளைச் செய்து பார்த்துக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.